ஓரத்தில் கிறுக்கியவர்கள்: கூட்டமும் சலிப்பும் குறித்துச் சில குறிப்புகள்

1

கூட்டங்களின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தீர்மானங்களின் வரலாறுதான். யார் தலைமை வகித்தார், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை தீர்மானங்கள் ‘ஏகமனதாக’ நிறைவேறின என்பதையெல்லாம் மினிட்ஸ் நோட்டு சொல்லும். அந்த நான்கு மணி நேரமும் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லாது. நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் பூ வரைந்தவர், பக்கத்துத் தோழருக்குத் துண்டுச் சீட்டு நகர்த்தியவர், பேச்சாளர் எத்தனை முறை ‘காலத்தின் கட்டாயம்’ என்கிறார் என்று விரல்விட்டு எண்ணியவர், ‘டீ வந்துடுச்சான்னு பாத்துட்டு வரேன்’ என்று எழுந்துபோய்த் திரும்பியே வராதவர் – இவர்கள் யாரும் வரலாற்றில் இல்லை.

தொழிற்சங்கக் கூட்டம், இலக்கியக் கூட்டம், உண்மை அறியும் குழுவின் கூட்டம், கூட்டம் நடத்துவது எப்படி என்பது பற்றிய கூட்டம் என்று முப்பது வருஷமாக உட்கார்ந்து பழகியவன் நான். இந்தப் பழக்கத்தில் ஒன்று தெரிந்தது. மேடையில் சொல்லப்படுவது ஒரு பிரதி என்றால், கீழே தாளின் ஓரங்களில் எழுதப்படுவது இன்னொரு பிரதி. இரண்டாவதை யாரும் வாசிப்பதில்லை. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குகிறவர் அதைப் பெருக்கித் தள்ளிவிடுகிறார். ‘விளிம்பு’ என்ற சொல்லை நம் விமர்சன மொழியில் ரொம்பவும் புழக்கத்தில் விட்டுவிட்டோம். தாளின் விளிம்பை, அதன் நேர்ப்பொருளில், எடுத்துப் பார்த்தோமா என்பது என் கேள்வி.

சலித்துப் போகிறவனை நம் இயக்கங்கள் ‘ஈடுபாடில்லாதவன்’, ‘நடுத்தர வர்க்க மனோபாவம்’ என்று எளிதாகத் தீர்த்துக்கட்டிவிடுகின்றன. எனக்கு அப்படிப் படவில்லை. சலிப்பு ஒரு வாக்கு. கை தூக்கிப் போட முடியாதவர்கள், போட்டாலும் எண்ணப்படாதவர்கள், உடம்பால் போடுகிற வாக்கு. அந்த வாக்கின் வரலாற்றைத் துண்டு துண்டாகவேனும் எழுதிப் பார்க்கலாம் என்பதே இந்தக் குறிப்புகளின் நோக்கம்.

2

அந்த வாக்கை முதலில் எண்ணிப் பார்த்தவர் நம் பக்கத்து ஆள் அல்லர். பிரான்சிஸ் கால்ட்டன், சார்லஸ் டார்வினின் உறவினர். மனிதரில் ‘நல்ல வித்து’ பெருக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கைக்கு 1883இல் பெயர் வைத்தவர். 1885இல் ‘நேச்சர்’ இதழில் அவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். ஒரு பெரிய கூட்டத்தில் சலிப்பூட்டும் கட்டுரை ஒன்று வாசிக்கப்பட்டது. மேடையின் பின்பகுதியில் உட்கார்ந்திருந்த கால்ட்டனுக்குப் பொழுது போகவில்லை. எதிரே சுமார் ஐம்பது பேர் அடங்கிய ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டு, நிமிஷத்துக்கு எத்தனை முறை அவர்கள் நெளிகிறார்கள் என்று எண்ணினார். கடிகாரத்தை எடுத்தால் ஆட்கள் கவனித்துவிடுவார்கள். எனவே தன் மூச்சையே கடிகாரமாக வைத்துக்கொண்டார், நிமிஷத்துக்குப் பதினைந்து மூச்சு என்று. கணக்கு நிமிஷத்துக்கு 45 நெளிவு வந்தது. ஆளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சு எங்காவது சுவாரஸ்யமானால் இது பாதிக்கும் கீழே இறங்கியது. கவனித்துக் கேட்கும்போது தலைகள் நிமிர்ந்து ஒரே இடைவெளியில் நிற்கின்றன, சலித்தால் தோள்கள் சாய்ந்து இடைவெளி குலைகிறது என்பதையும் அவர் குறித்துக்கொண்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் வேடிக்கைதான். இதே மனிதர் சட்டைப்பையில் மறைத்துவைத்த தாளில் ஊசியால் குத்திக்கொண்டே பிரிட்டிஷ் நகரங்களின் தெருக்களில் நடந்து, எந்த ஊரில் அழகான பெண்கள் அதிகம் என்று ‘அழகு வரைபடம்’ போட்டவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணுகிறவனை யாரும் எண்ணுவதில்லை. அவனுக்கும் சலிப்புத்தான். அவனுடைய சலிப்பு அறிவியலாகிறது, மற்றவர்களுடையது நெளிவாகிறது. உடல்களை இடைவெளிவிட்டு உட்கார வைத்து, நிமிர்த்தி, கண்காணித்து, அளந்து அறிவை உற்பத்தி செய்யும் முறை பற்றி மிஷல் ஃபூக்கோ 1975இல் எழுதியபோது பள்ளிக்கூடம், படைமுகாம், சிறை ஆகியவற்றைப் பேசினார். அந்தப் பட்டியலில் கருத்தரங்கக் கூடத்தையும் சேர்த்துக்கொள்ள கால்ட்டனின் குறிப்பு இடம் தருகிறது.

ஆனாலும் அவர் கணக்கு நமக்கு ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. கூடம் அமைதியாக இருப்பதை வைத்து அது கேட்கிறது என்று முடிவுகட்ட முடியாது. அமைதியான கூடத்திலும் நிமிஷத்துக்கு 45 வாக்குகள் விழுந்துகொண்டிருக்கின்றன.

3

சலிப்புக்குக் காரணம் நீளம் என்பது பொதுவான நம்பிக்கை. ‘சுருக்கமா பேசுங்க தோழர்’ என்று தலைவர் துண்டுச் சீட்டு அனுப்புவதும், பேச்சாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ‘சீட்டு வந்திருக்கிறது, இதோ முடித்துக்கொள்கிறேன்’ என்று சொல்லி இன்னும் அரைமணி நேரம் பேசுவதும் நம் மேடை மரபு. நீளம்தான் குற்றவாளியா?

மக்களை நோக்கித் தமிழில் பேசும் அரசியல் மேடைப்பேச்சு ஒன்றும் தொன்மையானதல்ல. கிறித்தவப் பிரசங்க மரபிலிருந்து சுதேசி இயக்கக் காலத்தில் அது உருத்திரண்ட கதையை பெர்னார்ட் பேட் விரிவாக ஆராய்ந்திருக்கிறார் (அவர் மறைவுக்குப் பின் 2021இல் அந்த நூல் வெளிவந்தது). தூத்துக்குடியில் 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களை எடுத்துக்கொள்வோம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசுகிறார்கள். பிப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்குகிறார்கள். பகலெல்லாம் நின்று உழைத்துப் பழகிய உடம்புகள் திரண்டு நின்று பேச்சைக் கேட்கின்றன. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவருகிறது. மார்ச் 12இல் தலைவர்கள் கைதாகிறார்கள், ஊர் கொந்தளிக்கிறது. அந்தக் கூட்டங்களில் யாரும் தாளின் ஓரத்தில் பூ வரைந்திருக்க மாட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. காரணம் பேச்சின் அலங்காரத்தில் மட்டும் இல்லை. மறுநாள் காலையில் மில்லுக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவு கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கையில் இருந்தது. பேச்சு முடியாத இடத்தில் அவர்களுடைய வேலை தொடங்கியது.

அங்கேயும் ஒரு ஆள் சலித்திருக்கலாம். குறிப்பெடுக்க வந்த போலீஸ்காரர். அந்தப் பேச்சுகளைப் பற்றி நமக்குத் தெரிவதில் கணிசமான பகுதி அவர்கள் எடுத்த குறிப்புகள் வழியாகவும், 1908 ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்த வழக்கின் ஆவணங்கள் வழியாகவும் வருகிறது. ஒரு வார்த்தை விடாமல் கேட்கக் கூலி வாங்கிய ஒரே ஆள் அவர்தான். ‘கவனமாகக் கேட்பது’ என்பதை ஒரு நற்பண்பாக உயர்த்துகிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

இதற்கு நேர் எதிரே 1957 ஜனவரியை வைப்போம். ஐ.நா. பாதுகாப்பு அவையில் காஷ்மீர் குறித்து வி.கே. கிருஷ்ண மேனன் இரண்டு நாட்களில் சுமார் 8 மணி நேரம் பேசினார். அந்த நாட்களில் உடல் தாங்காமல் மயங்கிச் சரிந்தார். இன்றும் அந்த அவையின் மிக நீண்ட பேச்சுகளில் முதலாவதாக அது சொல்லப்படுகிறது. பேச்சு முடிந்து நடந்த வாக்கெடுப்பில் பத்து நாடுகள் தீர்மானத்துக்கு ஆதரவு, சோவியத் யூனியன் நடுநிலை. ஒரு நாட்டுப் பிரதிநிதியும் இந்தியாவின் பக்கம் கை தூக்கவில்லை. உட்கார்ந்திருந்த பிரதிநிதிகளின் முடிவு அவரவர் தலைநகரங்களில் முன்பே எழுதப்பட்டுப் பையில் இருந்தது. மேனனுக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. அவர் பேசியது அங்கே இருந்தவர்களிடம் அல்ல, மறுநாள் பத்திரிகை படிக்கப்போகும் இந்தியர்களிடம். இங்கே அவர் வீரரானார்.

ஆக, மணிக்கணக்கை விடவும் வேறொன்று முக்கியம். முடிவு எங்கே எடுக்கப்படுகிறது? கூடத்துக்குள்ளேயா, அதற்கு முந்தைய இரவு நாலு பேர் உட்கார்ந்த அறையிலா? முடிவு கூடத்தைவிட்டு வெளியேறிய அளவுக்குச் சலிப்பு உள்ளே வருகிறது.

4

சலித்தவர்களின் கைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய எதிர்ப்புரட்சி இலக்கியங்களில் பின்னல் வேலை செய்யும் பெண்கள் வருவார்கள். தேசியப் பேரவையின் பார்வையாளர் மாடத்திலும் ஜேக்கபின் கழகத்திலும் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டே விவாதம் கேட்டவர்கள். பின்னாளைய கற்பனை அவர்களைக் கில்லட்டின் அடியில் உட்காரவைத்து ரத்தவெறி பிடித்த கிழவிகளாக்கியது. அந்தப் படிமத்தைக் கட்டுடைத்துப் பார்த்தால் கிடைப்பது ரொம்பச் சாதாரணமான ஒன்று. ஏழைப் பெண்ணுக்குச் சும்மா உட்கார்ந்து கேட்கும் ஓய்வு கிடையாது. கேட்பதற்கு வந்தாலும் கை கூலிக்கோ வீட்டுக்கோ உழைத்தாக வேண்டும். கவனமில்லாதவர்கள் அல்லர் அவர்கள். மாடத்திலிருந்து கூச்சலிட்டு விவாதத்தில் குறுக்கிட்டவர்கள். அதனால்தான் 1793 அக்டோபரில் பெண்களின் கழகங்கள் தடைசெய்யப்பட்டன. 1795 மே எழுச்சிக்குப் பிறகு பேரவையின் மாடத்திலிருந்தும் அரசியல் கூட்டங்களிலிருந்தும் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பின்னிக்கொண்டே கேட்பவள் கேட்கவில்லை என்று யாரும் அன்று நினைக்கவில்லை. கேட்கிறாள் என்பதுதான் பிரச்சினை.

இதைத் தலைகீழாக்கிய ஒரு ஏற்பாடு கியூபாவில் நடந்தது. 1865இல் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வாசிப்பவர் என்று ஒருவரைத் தொழிலாளர்களே அமர்த்திக்கொண்டார்கள். அவர்கள் சுருட்டுச் சுற்றுவார்கள், அவர் மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் படிப்பார். கூலி முதலாளி கொடுப்பதல்ல. தொழிலாளர் ஒவ்வொருவரும் தம் சம்பளத்திலிருந்து கொடுப்பது. எதைப் படிக்கலாம் என்பதையும் அவர்களே முடிவுசெய்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்பானியக் காலனி ஆட்சி இதைத் தடைசெய்தது. தடை போனதும் வாசிப்பு திரும்ப வந்தது. கியூபத் தொழிலாளர் புலம்பெயர்ந்த அமெரிக்காவின் டாம்பா நகரில் 1931இல் முதலாளிகள் வாசிப்பவரின் மேடையைப் பிடுங்கி எறிந்தார்கள், அந்த இடத்துக்கு வானொலி வந்தது.

நமக்கு இன்னும் பக்கத்தில், கண்ணூர்ப் பகுதியின் பீடிக் கூடங்களில் இதே வழக்கம் இருந்தது. 1969இல் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவிலும் அது தொடர்ந்தது. ஒருவர் உரக்கப் பத்திரிகை வாசிப்பார். அந்த நேரத்தில் அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். நாள் முழுக்க ஒரே வேலை, ஒரே அசைவு. உலகத்திலேயே சலிப்பான வேலைகளில் ஒன்று. அங்கேதான் கூர்மையான கேட்பவர்கள் உருவானார்கள். வாசிப்பவரை நிறுத்தச் சொல்லவும், வேறொன்றை வாசிக்கச் சொல்லவும், வாசித்ததைப் பற்றிச் சண்டைபோடவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. நம் கருத்தரங்குகளில் பேச்சாளரைக் கூடத்தில் இருப்பவர்கள் தேர்ந்தெடுப்பதும் இல்லை, நிறுத்துவதும் இல்லை. கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. அது சாப்பாட்டு நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வரும்.

கை வேலைசெய்தால் காது மூடிவிடும் என்ற எண்ணத்தை உளவியலும் உடைத்திருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஜாக்கி ஆன்ட்ரேட் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 40 பேருக்கு வேண்டுமென்றே சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்று போட்டுக் காட்டப்பட்டது. பாதிப் பேரிடம் தாளில் அச்சிட்ட உருவங்களை நிழலிட்டு நிரப்பச் சொன்னார்கள். பிறகு சொல்லாமல்கொள்ளாமல் நினைவுச் சோதனை. கிறுக்கியவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். சின்ன ஆய்வுதான், இதை வைத்துச் சித்தாந்தம் கட்ட வேண்டாம். ஆனால் ‘அங்க என்ன கிறுக்கிட்டு இருக்கீங்க?’ என்று மேடையிலிருந்து அதட்டும் உரிமையை யாருக்கும் இது கொடுக்கவில்லை.

5

இதுவரை சொன்னதை வைத்து, ஓரத்தில் கிறுக்குவதே எதிர்ப்பு, விளிம்பில் எழுதுவதே விடுதலை என்று ஒரு வாசகர் முடிவுக்கு வரக்கூடும். தொண்ணூறுகளில் நாமும் அப்படி நிறையப் பேசியிருக்கிறோம். இந்த இடத்தில் மாஸ்கோவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கூட்டங்களால் ஆளப்பட்ட ஒரு நாடு என்றால் அதுதான்.

லெனின் இதை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார். 1919 ஏப்ரலில் மக்கள் கமிசார்களின் அவைக்கு அவர் எழுதிய நடைமுறை விதிகளின்படி அறிக்கை தருபவருக்கு 10 நிமிஷம். விவாதத்தில் பேசுகிறவருக்கு முதல்முறை 5 நிமிஷம், இரண்டாம் முறை 3. இரண்டு முறைக்கு மேல் கிடையாது. விதி போட்டும் கூட்டம் பெருகியது. 1922 மார்ச்சில் மயகோவ்ஸ்கி ‘இஸ்வெஸ்தியா’வில் ஒரு நையாண்டிக் கவிதை எழுதினார். ஒரே நேரத்தில் இரண்டு கூட்டங்களுக்குப் போக வேண்டியிருப்பதால் அதிகாரிகள் இடுப்போடு அறுத்துக்கொண்டு பாதி இங்கும் பாதி அங்குமாக உட்கார்ந்திருக்கும் காட்சி அதில் வருகிறது. மறுநாளே உலோகத் தொழிலாளர் மாநாட்டின் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களிடம் பேசிய லெனின், தான் இவருடைய கவிதை ரசிகன் இல்லை என்று சொல்லிக்கொண்டே, அரசியல்ரீதியாகக் கவிஞர் சொல்வது முற்றிலும் சரி என்றார். தலைவர் தன் கூட்டங்களைப் பற்றிய கேலியை மேடையிலேயே ஏற்றுக்கொண்ட அபூர்வமான தருணம் அது.

அதன்பின் பத்து வருஷத்தில் நடந்தது வேறு கதை. சோவியத் ஆவணக் காப்பகங்கள் திறந்தபிறகு, இருபதுகளிலும் முப்பதுகளிலும் அரசியல் குழுவின், மத்தியக் குழுவின் கூட்டங்களில் தலைவர்கள் வரைந்த கேலிச் சித்திரங்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. 2006இல் ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பும் வந்தது. புகாரின் நன்றாகவே வரைவார். ஸ்டாலினையும் மற்றவர்களையும் வரைந்தார், தன்னை நரிமுகத்தோடு வரைந்துகொண்டார். திட்டக் குழுவான கோஸ்பிளானின் முக்கியஸ்தர் வலேரி மெஷ்லாவுக் இன்னும் ஓயாமல் வரைந்தவர். தாள் கைமாறிக் கைமாறி மேஜையைச் சுற்றும். ஒவ்வொருவரும் ஒரு வரி சேர்ப்பார்கள், சிரிப்பார்கள்.

அப்படிச் சுற்றிய ஒரு படம் 1930ஐச் சேர்ந்தது. நிதி கமிசார் நிகோலாய் புருகானவ் நிர்வாணமாக, ஆணுறுப்பில் கயிறு கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறார். வரைந்தவர் மெஷ்லாவுக். இதைப் பார்த்த ஸ்டாலின் அரசியல் குழு உறுப்பினர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார்: செய்த பாவங்களுக்கும் செய்யப்போகும் பாவங்களுக்குமாகச் சேர்த்து இவரை இப்படியே தொங்கவிடுவது, தாங்கினால் குற்றமற்றவர் என்று விடுவிப்பது, அறுந்தால் ஆற்றில் மூழ்கடிப்பது என்பது அதன் சாரம். எல்லாரும் சிரித்திருப்பார்கள். சிரிக்காமல் இருந்திருக்க முடியாது. அந்த ஆண்டே புருகானவ் பதவி இழந்தார். 1938இல் கொல்லப்பட்டார். அதே ஆண்டு மார்ச்சில் புகாரின் சுடப்பட்டார். ஜூலையில், படத்தை வரைந்த மெஷ்லாவுக்கும்.

ஆக, ஓரம் என்பது தன்னளவில் யாருக்கும் சொந்தமான விடுதலைப் பிரதேசமல்ல. அதிகாரமும் அங்கே வந்து கிறுக்கும். தீர்மானத்தில் எழுத முடியாததை அங்கே எழுதிப் பழகும். 1953 பிப்ரவரி 17இல் இந்தியத் தூதர் கே.பி.எஸ். மேனன் கிரெம்ளினில் ஸ்டாலினைச் சந்தித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாலினின் கை தாளில் ஓநாய்களை வரைந்துகொண்டிருந்தது. ஓநாய்களை எப்படிக் கையாள வேண்டும் என்று ருஷ்ய விவசாயிக்குத் தெரியும் என்றும் அவர் சொன்னாராம். அப்போது ‘டாக்டர்கள் சதி’ என்ற பெயரில் கைதுகள் நடந்துகொண்டிருந்தன. மூன்று வாரத்துக்குள் ஸ்டாலின் இறந்துபோனார்.

கீழ்மட்டத்தில் இதன் மறுபக்கம் எப்படி இருந்தது என்பதற்கு சோல்ஜெனித்சின் பதிவுசெய்திருக்கும் ஒரு சம்பவம் உண்டு. மாஸ்கோ மாகாணத்தின் ஒரு மாவட்டக் கட்சி மாநாட்டில் ஸ்டாலின் பெயர் சொல்லப்படுகிறது. எல்லாரும் எழுந்து கைதட்டுகிறார்கள். முதலில் நிறுத்துவது யார்? பதினோராவது நிமிஷத்தில் ஒரு காகித ஆலையின் இயக்குநர் உட்காருகிறார். கூடமே உட்காருகிறது. அன்றிரவு அவர் கைதாகிறார். தலைவனுக்கு ஓநாய் வரைய உரிமை உண்டு, மற்றவர்களுக்குக் கை வலிக்கக்கூட உரிமை கிடையாது. யார் சலித்துக்கொள்ளலாம், யார் சலித்துக்கொள்ளக் கூடாது என்பதே ஒரு அமைப்பின் உண்மையான ஸ்தாபன விதி. அச்சிட்ட விதிகள் அப்புறம்.

6

சலிப்பை ஆயுதமாகவே வடித்தெடுத்தவர்களும் உண்டு. சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடியான அமெரிக்க உளவு நிறுவனம் 1944 ஜனவரியில் ஒரு நாசவேலைக் கையேடு தயாரித்தது. எதிரியின் ஆட்சியில் வேலைபார்க்கும் சாதாரண ஆட்கள் வெடிமருந்து இல்லாமல் எப்படி நாசம் செய்யலாம் என்பதற்கான வழிகாட்டி. அதில் கூட்டங்களைப் பற்றிய பகுதி நம்மைக் கூச வைக்கும். நீளமாகப் பேசு, அடிக்கடி பேசு, சொந்த அனுபவக் கதை சொல். எல்லாவற்றையும் குழுவுக்கு அனுப்பு, குழுவை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கு. தீர்மானத்தின் வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு சண்டைபோடு. போன கூட்டத்தில் முடிவானதைத் திரும்ப எடு. அவசர வேலை இருக்கும்போது கூட்டம் போடு. நம் ஊரில் இதற்கெல்லாம் உளவாளி தேவைப்படவில்லை, நாமே இலவசமாகச் செய்துகொள்கிறோம்.

கேட்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. 1993இல் அமெரிக்காவின் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் டாம் டேவிஸ் என்பவர் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். கட்டம் போட்ட அட்டை, ஒவ்வொரு கட்டத்திலும் மேலாளர்கள் ஓயாமல் சொல்லும் ஒரு பகட்டுச் சொல். பேச்சாளர் அதைச் சொல்லும்போது அடித்துவிட வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் ஜெயம். 1996இல் எம்.ஐ.டி. பட்டமளிப்பு விழாவுக்கு அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் வந்தபோது மாணவர்கள் இந்த அட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. பேச்சின் நடுவே ஆரவாரம் கேட்டதும், பகட்டுச் சொல் ஏதும் சொல்லிவிட்டேனா என்று அவரே கேட்டார். கேலி முழுதாகச் செரிக்கப்பட்டுவிட்டது. லெனின் மயகோவ்ஸ்கியை ஏற்றதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். லெனின் அதைக் கூட்டங்களின் மீதான விமர்சனமாக எடுத்துக்கொண்டார், கோர் அதைத் தன் பேச்சுக்கு ஊறுகாயாக்கிக்கொண்டார்.

இந்த விளையாட்டின் பெயர்கூடத் தெரியாத நம் இளைஞர்கள், தொழிற்சங்க மாநாடு ஒன்றில் இதே கட்டத்தை நோட்டில் போட்டு விளையாடியதைப் பார்த்திருக்கிறேன். கட்டங்களுக்குள் இருந்தவை: ‘வரலாற்றுத் தேவை’, ‘காலத்தின் கட்டாயம்’, ‘களத்தில்’, ‘அடித்தட்டு மக்கள்’, ‘சுயவிமர்சனம்’, ‘ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்’. பகல் 12 மணிக்குள் நோட்டின் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. அந்தப் பக்கங்கள் அந்த மாநாட்டின் ஸ்தாபன அறிக்கையைவிடத் துல்லியமான ஸ்தாபன அறிக்கை. எந்தச் சொற்கள் செத்துப்போயின என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் யாரும் கொடுக்க முடியாது. அதில் ஒருவன் என்னிடம் சொன்னான்: ‘அண்ணே, இதாவது வெளாடுனாத்தான் கேக்கவே முடியுது.’ கேட்பதற்காகத்தான் விளையாடுகிறார்கள்.

இன்று அந்த நோட்டும் அருகிவிட்டது. மடியில் செல்பேசி இருக்கிறது. துண்டுச் சீட்டு பக்கத்து ஆளிடமிருந்து பக்கத்து ஆளுக்குப் போனது, கூடத்துக்குள்ளேயே ஒரு சிறு உறவை உண்டாக்கியது. செல்பேசி ஆளைக் கூடத்தைவிட்டே வெளியே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. 2020 கொரோனாவுக்குப் பிறகு பழகிவிட்ட இணையவழிக் கூட்டங்களில் படத்தை அணைத்துவிட்டு அரிசி களைந்தவர்கள் எத்தனை பேர்! ஒலியை அணைக்கும் பொத்தான் மட்டும் கூட்டம் நடத்துகிறவர் கையில். ஒரு தலைமுறையின் சலிப்பு இப்போது தடயமே இல்லாமல் போகிறது. நெளிவும் தெரியாது, ஓரமும் கிடையாது.

7

ஒரு எதிர்வாதத்தையும் கேட்டுவிட வேண்டும். நீண்ட கூட்டங்கள் ஜனநாயகத்தின் விலை, பேசிப் பேசித்தான் எளிய மனிதர்கள் பேசவே கற்றுக்கொண்டார்கள் என்பது அது. 1960இல் தோன்றிய அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு பற்றி எழுதிய ஃபிரான்செஸ்கா பொலெட்டா 2002இல் இதையே வாதிட்டார். மிசிசிப்பியின் கிராமங்களில் அந்த முடிவில்லாத விவாதங்கள் வெட்டிப்பொழுது அல்ல, அதுவரை முடிவெடுக்க அனுமதிக்கப்படாதவர்கள் முடிவெடுக்கப் பயின்ற இடம். இதை நான் ஏற்கிறேன். தூத்துக்குடியும் கண்ணூரும் இதைத்தான் சொல்கின்றன. ஆனால் நம் கூட்டங்களில் எளிய மனிதர்கள் பேசக் கற்றுக்கொள்கிறார்களா, பேசத் தெரிந்தவர்கள் பேசக் கேட்கிறார்களா?

நீளம் ஒரு சல்லடை. கடைசி பஸ் ஒன்பது மணிக்கு என்றால் எட்டேகாலுக்கு எழுந்துபோகிறவர்கள் யார் என்று பாருங்கள். ஊர்க்கோடியிலிருக்கும் சேரிக்கு நடந்துபோக வேண்டியவர், அதிகாலை ஷிஃப்டுக்குப் போகிறவர், போய் உலை வைக்க வேண்டிய பெண்கள். ஒன்பதரைக்கு மிஞ்சியிருப்பவர்கள் சொந்த வண்டி உள்ளவர்கள், வீட்டில் சோறு தயாராக இருப்பவர்கள். தீர்மானங்கள் ஒன்பதரைக்கு மேல்தான் வாசிக்கப்படுகின்றன. மினிட்ஸ் நோட்டில் ஏறும் ‘ஏகமனதாக’ என்ற சொல் இப்படி உற்பத்தியாகிறது. யாரையும் வெளியேற்றவில்லை. விதிப்படி எல்லாருக்கும் அனுமதி உண்டு. 1795இல் பாரிஸில் ஆணை போட்டுச் செய்ததை நாம் நேரத்தால் செய்துகொண்டிருக்கிறோம். போனவர்கள் சலித்துப் போனார்கள் என்று பிறகு சொல்லியும் கொள்கிறோம்.

எனவே ‘கூட்டத்தைச் சுவாரஸ்யமாக்குவது எப்படி’ என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படவில்லை. நடுவில் ஒரு பாட்டு, இடையில் ஒரு நாடகம், வடையோடு டீ என்று அதற்கு நிறைய மருந்து வைத்திருக்கிறோம். இவை வேண்டும்தான், நானும் வடைக்காக உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நோய் வேறிடத்தில் இருக்கிறது. தீர்மானங்களை முதலில் வையுங்கள், உரைகளைக் கடைசியில் வையுங்கள். வாசிப்பவரை நிறுத்தும் உரிமையைச் சுருட்டுத் தொழிலாளி 1865இல் வைத்திருந்தான், அதை நம் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்ன வேண்டியவர் பின்னட்டும், கட்ட வேண்டியவர் பூக்கட்டட்டும். முந்தின இரவே முடிவாகிவிட்ட விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் ‘விவாதத்துக்கு’ என்று போடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளில் கிடக்கும் தாள்களை யாராவது ஒருவர் சேகரிக்கட்டும். பேர் வேண்டாம், யார் வரைந்தது என்ற விசாரணையும் வேண்டாம். விசாரித்தால் மாஸ்கோவுக்குப் போய்விடுவோம். எங்கே பூக்கள் பெருகின, எந்தப் பேச்சில் கட்டம் நிறைந்தது, யாருடைய உரையின்போது தாள் வெள்ளையாகவே இருந்தது என்று மட்டும் பார்க்கலாம். அடுத்த செயற்குழுவில் மினிட்ஸ் நோட்டை வாசிப்பதற்கு முன்னால் அதை வாசிக்கலாம். அதற்கு ஐந்து நிமிஷம் போதும்.